இரு சக்கர இழுவை சிஆர்-வி வாகனத்தை நான்கு சக்கர இழுவைக்கு மாற்றுவது குறித்து ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்பில் வசிக்கும் நான் குடும்பத் தேவைக்காக 2003ஆம் ஆண்டு ஹொண்டா சிஆர்-வி ஒன்றை வைத்திருக்கிறேன். அது முன்சக்கர இழுவை மட்டுமே கொண்டது. பாணமையிலிருந்து ஒகந்தை முருகன் கோயில் வழியாகக் குமணைக்கும், மாரி ஓய்ந்த பின் படுவான்கரையின் உட்கிராமங்களுக்கும் பிள்ளைகளோடு கூடாரம் கட்டிக்கொண்டு செல்ல வேண்டுமென்பது எங்கள் நெடுநாளைய விருப்பம். சென்ற தை மாதம் உன்னிச்சைக் குளத்தருகே சேற்றில் முன்சக்கரங்கள் வீணே சுழல, உழவு இயந்திரம் வந்து இழுத்த பிறகே வீடு திரும்பினோம்.

விசையைப் பின்பக்கம் திருப்ப கியர்பெட்டியோடு இணையும் டிரான்ஸ்பர் பகுதி, அதைப் பின்னே கொண்டுசெல்லும் நீண்ட புரொபெல்லர் ஷாப்ட், அதை இரு பின்சக்கரங்களுக்கும் பகிரும் பின் டிஃபரென்ஷியல், பின் அச்சுத்தண்டுகள், அவற்றைத் தாங்கும் பின்பகுதி அமைப்பு ஆகிய அனைத்தும் மாற வேண்டும் என்பதும், முன் பின் பல்சக்கர விகிதங்கள் பொருந்தாவிட்டால் இழுவைத் தொகுதியே சேதமடையும் என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே உதிரியாகச் சேர்ப்பதைவிட, கொழும்பில் பழைய வாகனப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் ஒரே நான்கு சக்கர இழுவை வாகனத்தின் பாகங்களை முழுத்தொகுதியாக வாங்குவதே சரியென்று கருதுகிறேன். ஆனால் சிஆர்-வியின் நான்கு சக்கர இழுவை முறையில் முன்சக்கரம் வழுக்கிய பின்னரே பின்சக்கரங்களுக்கு விசை செல்லும். மெதுவாக, ஆனால் அதிக இழுவிசையோடு செல்ல உதவும் தாழ் கியர் வரிசையும் கிடையாது. ஒகந்தை மணலுக்கு இது போதுமா?

இம்மாற்றத்தைச் செய்து முடித்தவர்கள் மொத்தச் செலவையும், மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறைப் பகுதிகளில் இதில் அனுபவமுள்ள கராஜ்களையும், பதிவுப் புத்தகத்தில் திருத்தம் செய்ய நேர்ந்ததா என்பதையும் தயவுசெய்து தெரிவியுங்கள். விற்றுவிட்டு நான்கு சக்கர இழுவை வாகனமே வாங்குவது மேலென்றால், அதையும் காரணத்தோடு எழுதுங்கள்.