பவுடர் கோட்டிங் அவனில் (சூட்டு அடுப்பில்) கீழ்ப்பக்கம் வேகவில்லை, உதவுங்கள்

வணக்கம். கோவையில் சிறிய பவுடர் கோட்டிங் (இரும்பில் பெயின்ட் பவுடரைத் தூவி, சூட்டில் உருக்கி ஒட்டவைக்கும் வேலை) பட்டறை வைத்திருக்கிறேன். மூன்று பேஸ் மின்சார அவன், மேலே சூடான காற்றை உள்ளே சுற்றவிட ஒரு சர்க்குலேஷன் புளோயர். பத்து நாளாக ஒரே தொல்லை. கன்ட்ரோலர் 200 டிகிரி காட்டுகிறது. ஆனால் கீழ் வரிசையில் தொங்கும் கேட் கம்பிகளை நகத்தால் கீறினாலே பவுடர் உரிந்து வருகிறது. மேல் வரிசையில் வெள்ளை நிறம் மஞ்சளடித்துவிடுகிறது.

கிளாம்ப் மீட்டர் (ஒயரைச் சுற்றிப் பிடித்து கரண்ட் அளப்பது) வைத்துப் பார்த்தேன். மூன்று பேஸிலும் ஹீட்டர் ஒரே ஆம்பியர்தான் இழுக்கிறது, அதனால் காயில் எதுவும் எரியவில்லை. கதவு கேஸ்கெட் புதிது.

எனக்குச் சந்தேகம் காற்றின் மேல்தான். போன மாதம் புளோயர் மோட்டாரை ரீவைண்டிங் (காயில் புதிதாகச் சுற்றுவது) செய்து மாட்டினோம். அப்போது இரண்டு பேஸ் ஒயர் இடம் மாறி எதிர்த்திசையில் சுற்றினாலும் இந்த வகை புளோயர் கொஞ்சம் காற்றைத் தள்ளத்தான் செய்யும், அதனால் சட்டென்று பிடிபடாது. அவன் ஆறியதும் டக்ட் (காற்றுக் குழாய்) வாய்களில் துணி நாடா கட்டிப் பார்த்தேன். மேலே படபடக்கிறது, கீழே அசையவே இல்லை.

புளோயர் மேல் இருந்த அம்புக்குறி அழிந்துவிட்டது. ஹவுசிங் (புளோயரின் வெளிக்கூடு) வளைவை வைத்துச் சரியான திசையை எப்படிக் கண்டுபிடிப்பது? அப்புறம், திசை சரியாக இருந்தால் அடுத்து டேம்பரை (காற்றைக் கூட்டிக் குறைக்கும் தகடு) பார்க்கவா, டக்டைக் கழற்றவா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை 40 கேட் கொடுத்தாக வேண்டும்.