மாஸ்டர் டிவிடி கொடுத்து நகல் எடுத்தவர்களே, உங்கள் கதையைச் சொல்லுங்கள்

சலங்கை வீடியோ:
அரங்கேற்றம், ஆண்டு விழா, குறும்படம் என்று சொந்தமாக எடுத்து மாஸ்டர், அதாவது நகல்களுக்கு மூலமான டிஸ்க், போட்டவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். எனக்கு ஒன்று இன்னும் உறுத்துகிறது. மயிலாப்பூரில் ஓர் அரங்கேற்றம். எடிட்டிங்கில் பெண்ணின் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து, "பொண்ணு பெரிசா தெரியணும், இன்னும் கிட்ட கொண்டு வாங்க" என்று ஃபிரேமை இறுக்க வைத்தார். மானிட்டரில் எல்லாம் கச்சிதம். நகல் எடுத்து, உறை போட்டு, அவர்கள் வீட்டுப் பழைய பெட்டி டிவியில் ஓட்டினோம். வர்ணம் பாதி தாண்டியதும் நடன டீச்சர் மெதுவாக, "பாதம் எங்கேப்பா?" என்றார். கணுக்காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. ஜதியை முடிக்கும் தீர்மானத்துக்குச் சலங்கைச் சத்தம் மட்டும் பிரமாதமாகக் கேட்கிறது. அப்பா சுழலாத ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டி டிவி ஓரத்தை விழுங்கும் என்று நான் தலைதலையாக அடித்துக்கொண்டது அவருக்கு நினைவு இருந்திருக்கும்.

கரிசல் லைட்ஸ்:
எங்கள் ஊர்ப் பள்ளி ஆண்டு விழா. தாளாளருக்கு மாஸ்டர்கூட அழகாக இருக்க வேண்டும். பள்ளிச் சின்னம் போட்ட வட்ட ஸ்டிக்கரை அவரே ஒட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். கடைக்காரர் டிஸ்கை டியூப்லைட்டுக்கு நேரே சாய்த்துப் பிடித்து, அடிப்பக்கத்தில் லேசர் பதிந்து எரிந்த வளையம் எதுவரை வந்திருக்கிறது என்று பார்த்தார். சரி என்றார். திருப்பினார், முகம் மாறிவிட்டது. ஸ்டிக்கருக்குள் ஒரு காற்றுக் குமிழ். "இதை நகல் எடுக்கிற டவர்ல போட மாட்டேன் சார். சுத்துற வேகத்துல உள்ளேயே உரிஞ்சா டிரைவுக்கு யார் காசு தர்றது?" தாளாளருக்குக் கோபம். அங்கேயே ஸ்டிக்கரைப் பிடித்து ஒரே இழுப்பு. வெள்ளிப் பூச்சும் சேர்ந்தே வந்துவிட்டது. நகம் அளவு ஓட்டை, அதன் வழியே டியூப்லைட் தெரிகிறது. கடையில் யாரும் பேசவில்லை.

பிட்ரேட் பித்தன்:
கரிசல், மன்னிக்கவும், டிவிடியில் அப்படி நடக்காது. 0.6 மி.மீ. தகடு இரண்டை ஒட்டி, நடுவில்தான் பூச்சு இருக்கும். சிடியில்தான் வெள்ளி மேல்பக்கம், மெல்லிய அரக்குக்கு அடியிலேயே இருக்கிறது. நீங்கள் சொல்வது விசிடியாக, அதாவது சிடியில் எடுத்த வீடியோவாக, இருக்க வேண்டும்.

என் அனுபவம் சின்னது. இரண்டரை மணி நேரக் கச்சேரியை ஒரே அடுக்கு டிஸ்கில், "குவாலிட்டி குறையாம" கேட்டார் ஒருவர். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரரின் விரல்கள் எல்லாம் சதுரம் சதுரமாக உடைந்தன. அவ்வளவுதான்.

ஆனால் இதை எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும். டிஸ்க் உறையில் 4.7 ஜிபி என்று போட்டிருப்பது கம்பெனிக் கணக்கு, கம்ப்யூட்டர் கணக்கில் 4.37தான். இரண்டு மணி நேரம் என்றால் ஒலி உட்பட நொடிக்கு 5 மெகாபிட் சொச்சம் வரும். இரண்டரை மணி நேரத்துக்கு 4 சொச்சம். வேகமான கை, கால் அசைவுக்கு அது போதாது. இரண்டு டிஸ்காகப் பிரியுங்கள். சின்ன நிகழ்ச்சி என்று 9.8 மெகாபிட் வரைக்கும் ஏற்றவும் வேண்டாம். எரித்த டிஸ்கில் பழைய பிளேயர்கள் அந்த வேகத்துக்குத் திணறும். 7, 8 போதும். நேரடியாக டிஸ்குக்கு எரிக்காமல் முதலில் ஐஎஸ்ஓ கோப்பாக்கி (முழு டிஸ்கும் ஒரே கோப்பாக), ஓட்டிப் பார்த்து, பிறகு எரியுங்கள். எரித்ததும் வெரிஃபை, அதாவது சரியாகப் பதிந்ததா என்று சரிபார்ப்பு. ஃபைனலைஸ் பண்ணாத (பதிவை முடித்து மூடாத) டிஸ்கைக் கொடுத்துவிட்டுக் கடைக்காரரைத் திட்டாதீர்கள். மேலே எழுத பால்பாயிண்ட் வேண்டாம், மார்க்கர் போதும். "மெதுவாக எரித்தால்தான் நல்லது, வேகத்தை 1எக்ஸ் வை" என்பவர்களுக்கு ஒன்று: 16எக்ஸ் டிஸ்கின் சாயமே வேகமாக எரிக்கத் தயாரித்தது. 4 அல்லது 8 வையுங்கள். சலங்கை, பாதத்துக்கு வழி: படத்தை 90 சதவீதமாகச் சுருக்கிச் சுற்றிலும் கறுப்பு விடுங்கள். தட்டை டிவியில் கறுப்புச் சட்டம் தெரியும், பரவாயில்லை.

கரிசல் லைட்ஸ்:
ஆமாம், விசிடிதான். டிவிடி என்று நான் எங்கே சொன்னேன்?

கொக்குவில் பெடியன்:
நான் இப்ப ரொறன்ரோவில். சித்தியின் மகளுக்கு ஊரில் சாமத்திய வீடு (பூப்புனித நீராட்டு விழா). டிவிடி தபாலில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் கூப்பிட்டு, ரோல்ஸ் பொரிச்சு வைத்து, போட்டோம். இந்த டிஸ்கை ஓட்ட முடியாது என்று ஒரு வரி வந்தது, அவ்வளவுதான். திரும்பத் திரும்பத் துடைத்தோம். அம்மம்மா பின்னால் இருந்து, "எங்களை வெட்டிப்போட்டாங்களோ?" என்று கேட்டா. அவவுக்கு அது விளங்கவே இல்லை, தன்னை யாரோ வேண்டுமென்று படத்தில் சேர்க்கவில்லை என்றே நினைத்துக்கொண்டா. வீடியோ முறை இடத்துக்கு இடம் வேறு: அங்கே பால் (PAL), 576 கோடு, 25 ஃபிரேம். இங்கே என்டிஎஸ்சி, 480 கோடு, 29.97. ஊர்ப் பிளேயர் அநேகமாக இரண்டையும் ஓட்டும், இங்கத்தைய பிளேயர் பல ஓட்டாது. கடைசியில் கம்ப்யூட்டரில் பார்த்தோம், ஆனால் அம்மம்மா அதற்குள் படுக்கப் போய்விட்டா. வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள் தயவுசெய்து இரண்டாவது மாஸ்டர் ஒன்று போடுங்கோ.

டீக்கடை பிலிம்ஸ்:
எங்களுடையது குறும்படம். பிரதி நிறைய வேண்டும் என்பதால் எரிக்கிற கடை இல்லை, கண்ணாடி மாஸ்டர் போட்டு நிக்கல் அச்சில் வார்க்கிற ஆலைக்கே போனோம். மாஸ்டரை வாங்கியவர் ஹெட்போன் மாட்டி முழுப் படத்தையும் பார்த்தார். டீக்கடைக் காட்சியில் நிறுத்தினார். "இந்த ரேடியோல ஓடுற பாட்டுக்கு எழுத்துல அனுமதி வாங்கினீங்களா?" சில நொடிதான் சார் என்றோம். "சில நொடின்னாலும் கையெழுத்து நான்தான் போடணும்." உரிமைப் படிவத்தை நீட்டினார். வேறு வழியில்லாமல் ரேடியோவில் வானிலை அறிக்கையை நாங்களே பேசிப் போட்டு, புதிதாக மாஸ்டர் எரித்தோம். கனமழை எச்சரிக்கை ஓடுகிறது, காட்சியில் மண்டை பிளக்கிற வெயில். அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லாரும் நாங்கள் யோசித்து வைத்தது என்று நினைத்துக்கொண்டார்கள்.

முகூர்த்தம் ஸ்டூடியோ:
இதெல்லாம் வெட்டி வேலை. இத்தனை வருஷத்தில் எத்தனை கல்யாண டிவிடி. எந்தக் கடையிலாவது பாட்டுக்கு எழுத்து கேட்டானா? சினிமாப் பாட்டு இல்லாமல் கொடுத்தால் மாப்பிள்ளை வீட்டில் மிச்சப் பணம் வராது. வாத்தியக் குழு பாட்டு போட்டுப் பார்த்தேன், "ஏன் லிஃப்டுக்குள்ள இருக்கிற மாதிரி இருக்கு" என்றார்கள். குறும்படம் எடுக்கிறவர்கள் கல்யாண வீடியோ எடுத்துப் பாருங்கள், பிழைப்பு புரியும்.

டீக்கடை பிலிம்ஸ்:
கல்யாணம் நானும் எடுத்திருக்கிறேன் அண்ணே. டவர் வைத்து எரிக்கிற கடையில் கேட்க மாட்டார்கள், சரி. வார்க்கிற ஆலையில் கேட்பார்கள், பிரச்சினை என்றால் அவர்களும் மாட்டுவார்கள். நீங்கள் ஒரு கல்யாணத்துக்கு ஐம்பது டிஸ்க் போடுவீர்களா? ஆலைக்கே போக மாட்டீர்கள். ரெண்டும் வேற வேற.