ஆறு சென்டிமீட்டர் ரெசின் கட்டியை எத்தனை முறையாக ஊற்றுவது?

செந்தூல்வாசி:
வணக்கம். தோட்டத்தில் என் அம்மா பால்மரம் (ரப்பர் மரம்) சீவிய கத்தியைத் தெளிந்த எப்பாக்சி ரெசினுக்குள், அதாவது திரவமாக ஊற்றினால் கண்ணாடி போல இறுகும் பிசினுக்குள், பதித்து வைக்க விரும்புகிறேன். அச்சின் ஆழம் 6 சென்டிமீட்டர். கத்தியை வைக்காமல் சோதனையாக, மேசைப் பூச்சுக்கு விற்கும் ரெசினை ஒரு மதியம் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரேயடியாக ஊற்றினேன். முக்கால் மணி நேரத்திற்குள் அது தொட முடியாதபடி கொதித்து, புகைந்து, மஞ்சளாகி, நடுவில் விரிசல் கண்டது. இருப்பது ஒரே கத்தி என்பதால் அடுத்த முறை தவறக்கூடாது. எத்தனை அடுக்காக, எவ்வளவு இடைவெளி விட்டு ஊற்ற வேண்டும்?

ஆயர் ஈத்தாம் தச்சர்:
ஐயா, ரெசின் சாயத்தைப் போல உலர்வதில்லை. அதனுடன் கலக்கும் ஹார்டனர் என்ற இறுக்கும் திரவத்துடன் வினைபுரிந்து இறுகுகிறது, அந்த வினை வெப்பத்தை வெளிவிடுகிறது. மெல்லிய அடுக்கில் வெப்பம் வெளியேறிவிடும். தடித்த அடுக்கிலோ அது உள்ளேயே தங்கி, வினையை மேலும் விரைவுபடுத்தி, மேலும் வெப்பத்தை உண்டாக்கும். உங்கள் அச்சில் நடந்தது இதுதான். பூச்சு ரெசினைப் பொதுவாக ஒரு முறைக்கு 3 முதல் 6 மில்லிமீட்டர் வரைதான் ஊற்றலாம். அப்படியானால் பத்து அடுக்குக்குக் குறையாது, பக்கவாட்டில் பார்த்தால் இணைப்புக் கோடுகள் தெரியவும் கூடும். ஆகவே மெதுவாக இறுகும் ஆழ வார்ப்பு ரெசினை வாங்குங்கள். அவற்றில் பல, ஒரு முறைக்கு 2.5 முதல் 5 சென்டிமீட்டர் வரை தாங்கும். ஆனால் டப்பாவில் உள்ள அளவு பெரும்பாலும் குளிர்ந்த அறையை எண்ணி எழுதியது. வெப்பம் 10 பாகை கூடினால் வினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பதால், நம் ஊர் மதியத்தில் ஊற்றவே வேண்டாம். குளிர்சாதன அறையில், குறிப்பிட்ட அளவில் மூன்றில் இரண்டு பங்கை மட்டுமே நான் ஊற்றுவேன். அங்கே காற்றின் ஈரமும் குறைவதால் மேலே பிசுபிசுப்பான படலம் படிவதும் குறையும்.

பட்டர்வொர்த் வார்ப்பாளர்:
கத்தியின் மரப்பிடியை மறந்துவிடாதீர்கள். மரத்துக்குள் இருக்கும் காற்று சூட்டில் விரிந்து குமிழிகளாக வெளிவரும். முதலில் பிடி முழுவதும் ரெசினை மெல்லியதாகத் தடவி இறுகவிடுங்கள். அடி அடுக்கு, விரல் வைத்தால் தடம் பதிந்தும் கையில் ஒட்டாத நிலைக்கு வந்ததும் கத்தியைக் கிடத்தி அடுத்ததை ஊற்றினால் இரண்டும் ஒன்றாகப் பிணையும். இணைப்புக் கோடும் கத்தியின் மட்டத்திலேயே மறைந்துவிடும்.

ஆயர் ஈத்தாம் தச்சர்:
ஒரு திருத்தம் மட்டும். அந்த நிலையிலும் அடி அடுக்கு சூடாக இருந்தால் ஊற்றாதீர்கள். இரண்டு அடுக்கின் வெப்பமும் சேர்ந்துகொள்ளும். அச்சின் வெளிப்புறம் அறையின் குளிர்ச்சிக்கு வரும் வரை பொறுங்கள். அதற்குள் முழுதும் இறுகிவிட்டால், 220 எண் மணற்காகிதத்தால் தேய்த்துத் துடைத்த பின் ஊற்றலாம்.

செந்தூல்வாசி:
மிக்க நன்றி. அச்சிலிருந்து எப்போது எடுக்கலாம்?

பட்டர்வொர்த் வார்ப்பாளர்:
ஆழ வார்ப்பு ரெசினுக்கு மூன்று நாளாவது விடுங்கள். முழு உறுதி வர ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். அதுவரை மெருகேற்ற வேண்டாம்.