புற்றுநோய் மருத்துவம் எடுக்கலாமா, மனசு தாங்குமா?

ஹவுஸ்சர்ஜன்:
மேற்படிப்புக்கு எதை எடுப்பது என்று குழப்பம். பாடமாகப் பார்த்தால் புற்றுநோய் மருத்துவம்தான் பிடிக்கிறது. ஆனால் அந்த வார்டில் இரண்டு வாரம் இருந்ததில் தூக்கம் போச்சு. தினமும் சாவைப் பார்த்துவிட்டு எப்படி வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறீர்கள்? அனுபவமுள்ளவர்கள் மழுப்பாமல் சொல்லுங்கள்.

பழைய ஸ்டெத்:
இருபத்தேழு வருடமாக இதே வேலை, அதனால் சொல்கிறேன். நீங்கள் பார்த்தது வார்டை. அங்கே படுத்திருப்பவர்கள் முடியாமல் போனவர்கள். தேறியவர்கள் ஓ.பி.யில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து, ரிப்போர்ட்டைக் காட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். மாணவர்கள் கண்ணில் அவர்கள் படுவதே இல்லை. சிஎம்எல் என்ற இரத்தப் புற்றுநோய்க்கு நான் படித்த காலத்தில் எலும்பு மஜ்ஜை மாற்றுவதை விட்டால் நம்பிச் சொல்ல அதிகம் கிடையாது. 2001-ல் இமாட்டினிப் மாத்திரை வந்தது. இன்று அதே நோயோடு வேலைக்குப் போய் வருகிறார்கள், என்னிடம் பேசுவதெல்லாம் மூட்டு வலியைப் பற்றித்தான்.

எனக்கு இன்னும் பழகாதது 'எத்தனை நாள் டாக்டர்?' என்ற கேள்வி. வேலைக்கு வந்த புதிதில் ஒருவரிடம் 'ஆறு மாதம் இருக்கலாம்' என்று சொல்லிவிட்டேன். புத்தகத்தில் இருந்த இடைநிலைக் கணக்கு அது. பாதிப் பேர் அதற்கு முன்னால், பாதிப் பேர் அதற்குப் பின்னால் என்பதுதான் அதன் அர்த்தம். அதை நான் விளக்கவில்லை. அவருடைய மூக்குக்கண்ணாடியில் இடது பக்கம் விரிசல். ஒவ்வொரு தடவையும் அதே கண்ணாடியோடு வந்தார். ஒரு வருடம் கழித்து, மாற்றக்கூடாதா என்று கேட்டேன். 'ஆறு மாசத்துக்கு எதுக்கு சார் புதுசு?' என்றார். அவர் இருந்தது மூன்று வருடம். அதன்பிறகு நான் ஒற்றை எண் சொல்வதில்லை. 'சில மாதங்கள், வருடமாகவும் ஆகலாம்' என்பேன், கண்ணாடியையும் பார்ப்பேன்.

அப்புறம், நோயாளி கதவிலிருந்து நாற்காலிக்கு எப்படி நடந்து வருகிறார் என்று கவனியுங்கள். பாதிப் பரிசோதனை அங்கேயே முடிந்துவிடும். முழுக்கப் படுக்கையில் கிடப்பவருக்குக் கீமோ பெரும்பாலும் கெடுதல்தான் செய்யும். வேண்டாம் என்று சொல்லவும் கற்றுக்கொள்ள வேண்டும். மருந்து எழுதுவதைவிட அது சிரமம்.

சாப்பாடு? சாப்பிடுகிறேன். சில நாள் மட்டும் வாசலில் வண்டியை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் உள்ளேயே இருப்பேன். வீட்டில் யாரும் கேட்பதில்லை.

இரவு_ஷிஃப்ட்:
பாலியேட்டிவ் நர்ஸ் நான், அதாவது நோயாளியின் வலியையும் அவதியையும் குறைக்கும் பிரிவு. எங்களிடம் அனுப்பினால் கைவிட்டதாகக் குடும்பத்தார் நினைக்கிறார்கள், சில டாக்டர்களுமே. 2010-ல் வந்த ஆய்வில், பரவிய நுரையீரல் புற்றுநோய் இருந்த 151 பேரில், ஆரம்பத்திலிருந்தே எங்கள் மாதிரி ஆட்களும் பார்த்துக்கொண்ட குழுவில் மனச்சோர்வு குறைவு. இடைநிலை ஆயுளும் இரண்டு மாதத்துக்கு மேல் கூடுதல். அதனால் எங்களைச் சீக்கிரமே கூப்பிடுங்கள்.

ஹவுஸ்சர்ஜன்:
நன்றி சார், சிஸ்டர். 'அப்பாவிடம் நோயைச் சொல்லாதீங்க' என்று பிள்ளைகள் கெஞ்சினால் என்ன செய்வீர்கள்?

பழைய ஸ்டெத்:
திட்டமாட்டேன், பயத்தில் கேட்கிறார்கள். அப்பாவிடம் தனியாக, 'எவ்வளவு தெரிஞ்சுக்கணும் உங்களுக்கு?' என்று கேட்பேன். பல தடவை அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். 'பசங்ககிட்ட சொல்லிடாதீங்க' என்பார்!

ஹவுஸ்சர்ஜன்:
சரி சார். நாளைக்கு ஓ.பி.யில் உட்கார அனுமதி கேட்கிறேன்.

பழைய ஸ்டெத்:
சீக்கிரம் போங்கள். பழைய நோயாளிகள் முதல் ஆளாக வந்து முடித்துக்கொண்டு போய்விடுவார்கள்.