கூட்டிக் கழுவின பத்தாம் நாளே ஸ்டோர்ஸ் பழையபடி. என்னதான் செய்வது?

பேலியகொடை_பொறுப்பாளர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொழும்புக்குப் பக்கத்தில் பேலியகொடையில் ஒரு ஸ்டோர்ஸுக்கு, அதாவது மொத்தச் சாமான் களஞ்சியத்துக்கு, பொறுப்பாக வந்து ஏழு மாதமாகிறது. எட்டாயிரம் சதுர அடி இருக்கும், சீட் கூரை, ஒரே நேரத்தில் இரண்டு லொறி பின்பக்கமாக வந்து நிற்கலாம். ஒரு பக்கம் சீனி, பருப்பு, கோதுமை மா, கடலை. மற்றப் பக்கம் டின் மீன், சவர்க்காரம், கொஞ்சம் பிளாஸ்டிக் சாமான். நிரந்தர ஆட்கள் ஆறு பேர், லொறி வரும் நாட்களில் மூட்டை தூக்குகிற நாட்டாமைமார் எட்டுப் பத்துப் பேர் வருவார்கள்.

பிரச்சினை இதுதான். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒரு சனிக்கிழமை எல்லோரையும் மறித்து வைத்து, சோத்துப் பார்சலும் வாங்கிக் கொடுத்து, காலையிலிருந்து இருட்டும் வரை கூட்டிக் கழுவுகிறோம். அன்றைக்கு நிலத்திலேயே சோறு போட்டுச் சாப்பிடலாம். பத்தே நாளில் பழைய கதை. கிழிந்த சாக்கு, உடைந்த பலட் (மூட்டை அடுக்குகிற மரத் தட்டு), கொட்டுண்ட சீனியில் எறும்பு, நடுப்பாதையில் எவனோ வைத்துவிட்டுப் போன பெட்டிகள். போன கிழமை டின் மீன் அடுக்குக்குப் பின்னால் பதினான்கு பெட்டி பிஸ்கட் கிடந்தது, நாங்கள் பிஸ்கட் வியாபாரமே செய்வதில்லை! யாருடையது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. திகதியும் முடிந்து, ஒரு மூலையை எலி தின்றும் இருக்கிறது.

அடுத்த மாதம் ஒரு பெரிய வாடிக்கையாளர் ஸ்டோர்ஸைப் பார்க்க ஆள் அனுப்புகிறார்களாம். முதலாளி "துப்புரவுக் கம்பனி ஒன்றைப் பிடி" என்கிறார். காசு கொடுத்து வெளி ஆளைப் பிடித்தால் இது தீருமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

பழைய_கணக்கப்பிள்ளை எழுதியது:

தம்பி, துப்புரவுக் கம்பனியைப் பிடித்தால் அந்தச் சனிக்கிழமை இன்னும் கொஞ்சம் பளபளப்பாக முடியும், பதினோராம் நாள் நீர் திரும்பவும் இங்கே வந்து எழுதுவீர்.

நான் கொழும்பு புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் இருபது வருசத்துக்கு மேல் குப்பை கொட்டியவன். அங்கே இடம் என்றால் உள்ளங்கை அளவு, ஆனால் எது எங்கே என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் எடுப்போம். பிறகு பெரிய ஸ்டோர்ஸுக்குப் போனபோதுதான் எனக்கு விளங்கியது, இடம் கூடினால் ஒழுங்கு கூடுவதில்லை, "பிறகு பார்ப்போம்" என்று வைக்கிற மூலைதான் கூடுகிறது.

உம்முடைய பிஸ்கட் பெட்டியை எடுத்துக்கொள்ளும். அது அழுக்கு இல்லை. யாரோ ஒரு கடைக்காரர் திருப்பி அனுப்பியிருப்பார், லொறி மாறி உம்மிடம் இறங்கியிருக்கும், இறக்கினவனுக்கு எங்கே வைப்பது என்று தெரியாது, கேட்க ஆளும் இல்லை, அப்படியே ஒரு மறைவில் தள்ளிவிட்டுப் போயிருப்பான். நீங்கள் கூட்டின சனிக்கிழமையும் அது அங்கேயேதான் இருந்திருக்கும், அதைச் சுற்றிக் கூட்டியிருப்பீர்கள்.

அதனால் தும்புத்தடியைக் கையில் எடுக்க முதல் ஒரு கொப்பியை எடும். இரண்டு நாள் வாசலில் ஒரு கதிரையைப் போட்டு இரும். உள்ளே வருகிற ஒவ்வொன்றும் எங்கே போய் இறங்குகிறது என்று எழுதும். இடம் தெரியாமல் இறங்கினது எத்தனை என்று கடைசியில் கூட்டிப் பார்த்தால் உமக்கே சிரிப்பு வரும். நான் எழுதினபோது திரும்பி வந்த சாமான், கிழிந்த மூட்டை, வெறும் சாக்கு, உடைந்த பலட் என்று நாலே நாலு வகைதான் மொத்தக் குழப்பத்துக்கும் காரணமாக இருந்தது. நாலுக்கும் வாசலுக்குக் கிட்ட மஞ்சள் பெயின்டில் நாலு கட்டம் கீறினேன். கிழிந்த மூட்டைக் கட்டத்தில் ஒரு தராசு, சாக்குத் தைக்கிற ஊசி, நூல் உருண்டை. ஊசி பக்கத்தில் இருந்தால் தைக்கிறான், ஒபிசில் போய்க் கேட்டு வாங்க வேண்டும் என்றால் மூட்டையைத் திருப்பி வைத்துக் கிழிசலை மறைத்துவிட்டுப் போகிறான். மனிதன் அப்படித்தான்.

திரும்பி வந்த சாமானுக்கு ஒரு சிவப்பு அட்டை: வந்த திகதி, யாருடையது, யார் முடிவு சொல்ல வேண்டும். ஏழு நாள் கழிந்தால் முதலாளியின் மேசைக்கு. முதலாளிதான் முடிவு சொல்லாமல் இழுக்கிறவர் என்பது அப்போது அவருக்கே தெரியவரும், ஆனால் அதை நீர் வாயால் சொல்ல வேண்டாம்.

---

வத்தளை_கியூசி எழுதியது:

ஐயா சொன்னது சரி. நான் எலியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பார்க்க வருகிறவர் முதலில் சுவர் ஓரத்தைத்தான் பார்ப்பார்.

தம்பி, மூட்டைகளைச் சுவரோடு ஒட்டி அடுக்கியிருக்கிறீர்களா? கட்டாயம் அப்படித்தான் இருக்கும். சுவரிலிருந்து ஒன்றரை அடி விடுங்கள். ஒரு ஆள் பக்கவாட்டில் நுழைந்து டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும், அந்த அளவு. அந்த ஒன்றரை அடிக்கும் வெள்ளைப் பெயின்ட் அடியுங்கள். வெள்ளையில் ஒரு எலிப் புழுக்கை விழுந்தால்கூடத் தெரியும், யாராவது மூட்டையைத் தள்ளி வைத்தாலும் தெரியும். எங்களிடம் பெயின்ட் அடித்த முதல் கிழமை எலி கூடிவிட்டது என்று எல்லோரும் பயந்தார்கள். கூடவில்லை, முன்பு இருந்ததுதான், இப்போது கண்ணில் பட்டது.

ஒரு எச்சரிக்கை. எலி எச்சத்தை உலர்ந்தபடி கூட்ட விடாதீர்கள். ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, ஐந்து நிமிடமாவது ஊற விட்டு, கடதாசியால் வழித்து எடுக்க வேண்டும். கையுறையும் பூட்சும் இல்லாமல் ஒருவரையும் இறக்க வேண்டாம். எலிக்காய்ச்சல் எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் இருந்து காலில் உள்ள சின்ன வெட்டுக் காயம் வழியாகக்கூட உள்ளே போகும். நம் ஆட்கள் பாட்டா செருப்போடு, சில பேர் அதுவும் இல்லாமல், கழுவின தண்ணீரில் நிற்பார்கள். அந்தச் சனிக்கிழமைத் துப்புரவில் எனக்குப் பயமாக இருப்பது அதுதான்.

அப்புறம், மாவுக்கு எதிர்ப் பக்கத்திலேயே சவர்க்காரமா?! கோதுமை மா வாசனையை இழுக்கும். பேக்கரிக்காரர் "பாண் சோப்பு மாதிரி மணக்கிறது" என்று திருப்பி அனுப்பினால் அதுவும் உங்கள் "பிறகு பார்ப்போம்" மூலைக்குத்தான் வரும். உணவுச் சாமானையும் சவர்க்காரத்தையும் ஸ்டோர்ஸின் இரண்டு அந்தங்களுக்குப் பிரியுங்கள், நடுவில் டின் மீன் இருக்கட்டும். உணவு வைத்திருக்கிற இடம் என்பதால் 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டமும் இருக்கிறது, பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தாலும் இதைத்தான் கேட்பார்.

---

சும்மா_ஒரு_ஆள் எழுதியது:

எல்லோரும் கோடு கீறச் சொல்கிறீர்கள். நான் வேலை செய்த ஒரு இடத்தில் ஐந்து எஸ் என்று, வேலையிடத்தை ஒழுங்காக வைக்கிற ஜப்பான் முறையாம், சொல்லி செய்ரி, செய்டன், செய்சோ என ஜப்பான் பெயரெல்லாம் போட்டுக் கலர் போஸ்டர் ஒட்டினார்கள். மூன்றாம் மாதம் அந்தப் போஸ்டரின் மேலேயே தூசி. கீழே நின்று மூட்டை தூக்குகிறவனுக்கு அதில் ஒரு சொல்லும் விளங்கவில்லை.

நாட்டாமைமாருக்கு எப்படிக் கூலி கொடுக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. மூட்டைக்கு இவ்வளவு என்றால் அவர் ஏன் நேராக அடுக்க வேண்டும்? வேகமாக இறக்கிவிட்டு அடுத்த லொறிக்கு ஓட வேண்டும், வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். கொட்டின பருப்பைக் கூட்டுகிற நேரத்தில் அவருக்குப் பத்து மூட்டைக் காசு போகிறது. அதைக் குறை சொல்லிப் பிரயோசனம் இல்லை.

---

பழைய_கணக்கப்பிள்ளை எழுதியது:

போஸ்டரில் பிழை இல்லை, ஒட்டினவர்கள் ஒட்டியதோடு போனதுதான் பிழை. கொழும்பு காசல் வீதி மகளிர் ஆஸ்பத்திரியில் 2000 ஆம் ஆண்டு இதே ஐந்து எஸ்ஸைத்தான் தொடங்கினார்கள், பிறகு வெளிநாட்டுக்காரரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் முடிந்தது பேலியகொடையில் முடியாதா?

ஆனால் கூலி விசயம் நூற்றுக்கு நூறு சரி, நான்தான் எழுத மறந்துவிட்டேன். நாங்கள் செய்தது: மூட்டைக் கூலி அப்படியே, அதற்கு மேல் லொறிக்கு ஒரு தொகை. லொறி போன பிறகு இறக்கின இடம் கூட்டி, அடுக்கு கோட்டுக்குள் இருந்தால் அந்தத் தொகை, இல்லாவிட்டால் இல்லை. பார்த்துச் சொல்கிறவன் நான் இல்லை, அவர்களுடைய தலைவரே. என்னைவிட அவர் கடுமையாக இருந்தார்.

---

வெல்லம்பிட்டி_லொறி எழுதியது:

ஒரே ஒரு விசயம். பலட் இல்லாமல் நிலத்தில் நேராக மூட்டை வைக்க வேண்டாம். 2016 மே மாதம் களனி கங்கை பெருகினபோது எங்கள் ஸ்டோர்ஸில் கீழ் இரண்டு வரிசை சீனி ஒரே இரவில் பாகாகிப் போனது. அதைக் கழுவி முடிக்க ஒரு கிழமை, அந்த நாற்றம் போக அதைவிட நாள் எடுத்தது. இப்போது அடை மழை என்றால் நாகலகம் வீதி அளவுகோலில் கங்கைத் தண்ணீர் எத்தனை அடி என்று பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன். நீங்களும் கங்கைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறீர்கள். சீனி, மா இரண்டையும் இறாக்கையின் மேல் தட்டில் வையுங்கள், தண்ணீர் பட்டாலும் கழுவித் துடைக்கக் கூடிய பிளாஸ்டிக் சாமான் கீழே இருக்கட்டும். வெளியே அடுக்கி வைத்திருக்கிற உடைந்த பலட், தார்ப்பாய் மடிப்பு எல்லாவற்றிலும் மழைத் தண்ணீர் தேங்கும், டெங்கு நுளம்புக்கு நீங்களே வீடு கட்டிக் கொடுக்கிறீர்கள்.

---

பேலியகொடை_பொறுப்பாளர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்று கிழமை கழித்து எழுதுகிறேன்.

கதிரை போட்டு இரண்டு நாள் இருந்தேன் ஐயா. இடம் தெரியாமல் இறங்கினது முப்பத்தொரு தடவை. அதில் ஆறு நானே "இப்போதைக்கு அங்கே வை" என்று சொன்னது, கொப்பியில் என் கையெழுத்திலேயே இருக்கிறது.

கட்டம் கீறியாயிற்று. தமிழ், சிங்களம் இரண்டிலும் எழுதினேன், எழுத்தோடு கிழிந்த சாக்குப் படமும் ஒன்று வரைந்தேன். மாடு மாதிரி இருக்கிறது என்று பெடியன்கள் சிரித்தார்கள், ஆனால் இப்போது அந்தக் கட்டத்துக்குப் பெயரே மாட்டுக் கட்டம், எல்லோருக்கும் இடம் தெரியும். சவர்க்காரம் மற்ற அந்தத்துக்குப் போய்விட்டது. வெள்ளைப் பட்டி பாதிச் சுவருக்குத்தான் ஆனது, மிச்சத்துக்கு மூட்டைகளை நகர்த்த வேண்டும், லொறி இல்லாத நாள் கிடைக்கவில்லை. லொறிக்கு மேலதிகக் காசு என்றதற்கு முதலாளி முகத்தைச் சுளித்தார், துப்புரவுக் கம்பனி கேட்ட விலையை எழுதிப் பக்கத்தில் வைத்தேன், ஒரு மாதம் பார்ப்போம் என்றார்.

ஒரு சந்தேகம். சிவப்பு அட்டை போட்ட பிஸ்கட் ஏழு நாள் கழிந்து முதலாளியின் மேசைக்குப் போனது. அவர் "பிறகு பார்ப்போம்" என்கிறார். இப்போது என்ன செய்வது?

---

பழைய_கணக்கப்பிள்ளை எழுதியது:

பதினான்கு பெட்டியையும் தூக்கிக்கொண்டு போய் அவருடைய ஒபிசுக்குள்ளேயே அடுக்கும். அட்டை வெளியே தெரிகிற மாதிரி.