எட்ஜ்லிஸ்ட் போதாதா? நெட்வொர்க் ஆப்ஜெக்ட் எதற்கு?

பைட்கணக்கு: வலைப்பின்னல் ஆய்வுக்கு ஆர் (R) நிரல்மொழியில் முனை, இணைப்பு, பண்பு எல்லாவற்றையும் சேர்த்து வைக்கும் நெட்வொர்க் ஆப்ஜெக்ட்தான் "முறை" என்று ஒருவர் அடித்துவிட்டிருக்கிறார். எரிச்சல்தான் வருகிறது. அதில் ஒவ்வோர் இணைப்பும் தனி லிஸ்ட். 4 பைட் முழு எண்ணைத் தனி வெக்டராக வைத்தாலே 56 பைட். எட்ஜ்லிஸ்ட்டில் இணைப்புக்கு ஒரு வரி, இரு முனைகளின் எண்களுக்கு இரண்டு நெடுவரிசை; ஆக இணைப்புக்கு 8 பைட். 40,000 இணைப்புக்கு 320 கேபி. முடிந்தது கதை.

தனிமுனை: இணைப்பே இல்லாத முனைகள் எந்த வரியில் உட்காரும்?

பைட்கணக்கு: மொத்த முனை எண்ணிக்கையைக் குறித்து வைக்கும் 'என்' (n) ஆட்ரிபியூட் எதற்கு இருக்கிறது ஐயா? அடிப்படை.

தனிமுனை: எட்ஜ்லிஸ்ட் மேட்ரிக்ஸில் சில வரிகளை வடிகட்டினாலே அது உதிர்ந்துவிடும். சிஎஸ்வியில் எழுதினால் சொல்லவே வேண்டாம். திசையில்லா வலையில் 500 முனை, 600 இணைப்பு, இணைப்பே இல்லாத தனிமுனை 120 என்று வையுங்கள். அடர்த்தி, அதாவது சாத்தியமான இணைப்புகளில் இருப்பவற்றின் பங்கு, 600/1,24,750, அதாவது 0.0048. அந்த 120 தொலைந்தால் 600/72,010, அதாவது 0.0083. சராசரி டிகிரி (முனைக்கு எத்தனை இணைப்பு) 2.4லிருந்து 3.16க்குத் தாவும். எர்கம் (ERGM) என்ற வலைப் புள்ளியியல் மாதிரியில் இணைப்பு எண்ணிக்கைக்கான எட்ஜஸ் குணகமும் கூடவே நகரும். பிழைச்செய்தி ஒன்றும் வராது, அதுதான் வினை.

பைட்கணக்கு: இருப்பதில் பெரிய முனை எண்ணை எடுத்தால் என் கிடைத்துவிடும்.

தனிமுனை: 381 முதல் 500 வரை தனிமுனை என்றால் உங்கள் பெரிய எண் 380. அடிப்படை ஐயா.

நடுவரி: கணக்கெடுப்பில் விடுபட்ட பதிலை இருவரும் மறந்தாச்சு. வெறும் எட்ஜ்லிஸ்ட்டில் "தெரியாது", "இல்லை" இரண்டும் ஒன்றுதான். ஆரின் நெட்வொர்க்லைட் தொகுப்பைப் பாருங்கள்: இணைப்புக்கு ஒரு டிப்பிள் (ஆரின் அட்டவணை வடிவம்), முனைப் பண்புக்கு ஒரு டிப்பிள், வலை அளவிலான பண்புக்கு ஒரு லிஸ்ட். "தெரியாது" என்று குறிக்கும் என்ஏவுக்குத் தனி நெடுவரிசை. தனிமுனைக்கும் முனை டிப்பிளில் வரி உண்டு. ஹைப்பர் இணைப்பு (இரண்டுக்கு மேற்பட்ட முனைகளை ஒன்றாகக் கட்டுவது) போன்ற சில கிடையாது.

பைட்கணக்கு: இலேசு என்று பெயர் வைத்துக்கொண்டு டிப்பிளைச் சுமக்கிறதாக்கும்! நான் பேசியது பைட்.

பாம்புப்பிடாரன்: பைத்தானுக்கு வந்துவிட்டால் இந்தச் சண்டையே இல்லை. அதன் நெட்வொர்க்எக்ஸ் நூலகத்தில் தனிமுனை பத்திரமாக இருக்கும்.

பைட்கணக்கு: டிக்ஷனரிக்குள் டிக்ஷனரி, அதற்குள் இன்னொன்று. அதுவா இலேசு?

தனிமுனை: அதிலும் எட்ஜ்லிஸ்ட்டாக எழுதிப் படித்தால் தனிமுனை காணாமல் போகும். நிற்க, பைட்கணக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. 120 முனை எங்கே?

பைட்கணக்கு: போன மாதம் ஸ்பார்ஸ் மேட்ரிக்ஸ் விவாதத்திலும் இதே பல்லவிதான் பாடினீர்கள்.

தனிமுனை: அப்போதும் பதில் வரவில்லை. 120 முனை எங்கே?