லயத்துக்குள்ளே கேஸ் சிலிண்டர்: வேணுமா, வேணாமா?

கவ்வாத்துக் கத்தி:
இன்றைக்கு எங்கள் தேயிலைத் தோட்ட டிவிஷன் ரோட்டில் பார்த்தது. ஆட்டோவின் பின் சீட்டில் 12.5 கிலோ சிலிண்டர் மூன்றைப் படுக்கப் போட்டு, அதன் மேல் காலை நீட்டிக்கொண்டு ஒரு பொடியன் சிகரெட் பிடித்தபடி போகிறான். இறக்குகிற கடையிலோ மண்ணெண்ணெய் பீப்பாவுக்குப் பக்கத்தில் அடுக்குகிறார்கள். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர் வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கிற வரிசை. அதில் பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பிராவில், அந்த ஒற்றை அறையில், விறகடுப்பு, சாமி விளக்கு, சிலிண்டர் எல்லாம் ஒரே இடம். ஒன்று பற்றினால் லயமே போய்விடும். ஒழுங்கான ஸ்டோர் வரும்வரை லயத்துக்குக் கேஸ் விற்பதையே நிறுத்த வேண்டும். திட்டுகிறவர்கள் திட்டுங்கள்.

நானுஓயாக்காரி:
நிறுத்திவிட்டு? மறுபடி மிலாறு, கவ்வாத்தில் வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சி, சுமக்கவா அண்ணே? கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த கையோடு விறகுக்கட்டைத் தூக்குவது நீங்களா, நாங்களா? 2022இல் சிலிண்டர் 4,860 ரூபாய்க்கு ஏறி, அந்த விலைக்கும் கிடைக்காமல் போனபோது எல்லோரும் அடுப்புக்குத் திரும்பினோமே, ஈர விறகை ஊதி ஊதிக் கண் எரிந்தது யாருக்கு? புகையும் ஆளைக் கொல்லும், மெதுவாகக் கொல்வதால் பேப்பரில் வராது.

லொறி மாமா:
கொழும்புக்குப் பக்கத்துக் கெரவலப்பிட்டி கேஸ் முனையத்தில் ஏற்றி கினிகத்தேனை வழியாக மலைக்கு வருகிற லொறியை ஓட்டியவன் நான். லொறியில் நிமிர்த்திக் கட்டித்தான் கொண்டு வருவோம். வினை எல்லாம் டவுனில் இறக்கிய அப்புறம்தான். உள்ளே இருப்பது பியூட்டேனும் புரொப்பேனும் கலந்த திரவம். சிலிண்டர் நிமிர்ந்திருந்தால் வால்வுப் பக்கம் வாயு மட்டும் நிற்கும், படுத்தால் திரவமே வந்து நிற்கும். அது கசிந்தால் சுமார் 250 மடங்கு வாயுவாக விரியும். பியூட்டேன் காற்றைப் போல இரண்டு மடங்கு கனம், மேலே போகாமல் தரையோடு தரையாகப் பரவும். சாமி விளக்கைத் தரையில் வைக்கிற வீட்டில் வேறு என்ன வேணும்? கத்தி தம்பி சொல்வதில் பாதி சரி. விற்பனையை நிறுத்து என்பதுதான் நடக்காத பேச்சு.

கவ்வாத்துக் கத்தி:
மாமா, 2021 நவம்பரை மறந்துட்டீங்களா? நாடு முழுக்க அடுப்பு வெடித்தது, கலவையில் புரொப்பேனைக் கூட்டியதுதான் காரணம் என்று எவ்வளவு சத்தம்!

லொறி மாமா:
மறக்கவில்லை. புரொப்பேன் கூடினால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், பழைய வாஷரும் வெடிப்பு விட்ட ரப்பர் குழாயும் அங்கேதான் காட்டிக்கொடுக்கும். ஆனால் நுவரெலியாப் பனிக்குப் பியூட்டேன் மட்டும் சரிவராது, சுழியம் டிகிரி கிட்டத்தில் அது ஆவியாக மாட்டேன் என்று அடம் பிடிக்கும். அதனால்தான் நம் ஆட்கள் சிலிண்டரைச் சுடுதண்ணியில் இறக்குகிறார்கள். அந்தப் பழக்கத்தை முதலில் விடுங்கள்.

மஸ்கெலியா மழை:
கப்பலில் டாலர் கொடுத்து வாங்கி, இந்த வளைவெல்லாம் லொறியில் ஏற்றி, மண்சரிவு வந்தால் காத்துக் கிடந்து, எதுக்கு இந்தப் பாடு? மவுசாகலை, காசல்ரீ நீர்த்தேக்கத் தண்ணியில் கரண்ட் எடுப்பது நம் மலையில். கரண்ட் அடுப்புக்கு மாறலாமே.

நானுஓயாக்காரி:
லயத்து வயரிங்கைப் பார்த்திருக்கிறீர்களா தம்பி? மின்ஒழுக்கில் லயம் எரிந்த செய்தி எத்தனை தடவை வருகிறது! கரண்ட் அடுப்பைச் சொருகினால் அதுவும் சேர்ந்து போகும். சிலிண்டரை இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், கம்பிக்கூண்டு போட்டு வெளியே வையுங்கள், குழாயை மாற்றுங்கள், சவர்க்காரத் தண்ணி பூசிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். இதுக்குத் தோட்ட நிர்வாகம் ஒரு ஆணி அடிக்க விட்டாலே போதும்.

கவ்வாத்துக் கத்தி:
இஸ்தோப்பில் வைத்தால் விடியும்போது சிலிண்டர் இருக்குமா அக்கா?

நானுஓயாக்காரி:
கூண்டு என்று சொன்னேன், பூட்டு வேண்டாம் என்று சொல்லவில்லையே.